எட்டுப் பெனலும் ஒரு சூளையும்

முப்பத்தொரு வருடம் உப்பளத்தில் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச காலத்தில் நாட்டில் கரண்ட் வெட்டு தொடங்கியது. எங்கள் வீடு கற்பிட்டிக்குப் போகும் வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்கிற கடல்நீர் ஏரியுமாக நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் இருக்கிறது. முற்றத்தில் நின்று பார்த்தால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே மெழுகுவர்த்தி கொளுத்துவது எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. மனைவிக்கு அப்படி ஒன்றும் படவில்லை. "ஊருக்கே இல்லாத கரண்ட் ஒங்களுக்கு மட்டும் எங்கால வரும்?" என்றாள். எங்கால வரும் என்று அவளுக்குக் காட்டுவதற்காகவே நான் கூரையில் சோலர் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வெட்டு ஒருவழியாக ஓய்ந்த பிறகும் அந்த ரோஷம் ஓயவில்லை. எண்ணிப் பார்த்து, விசாரித்து, கையில் இருந்த ஓய்வுக் காசைப் புரட்டிப் போட்டு முடிக்க ஒன்றரை வருடம் ஆனது.

கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்போம். வேலைக்கு வந்த பாஸ் உடப்பைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். கூரையில் ஏறி, ஒரு கையை நெற்றியில் வைத்து நாலு பக்கமும் பார்த்தார். தெற்குச் சரிவில் எட்டுப் பெனல் வைக்கலாம், மரநிழல் இல்லை, நல்ல இடம் என்றார். மின்சார சபையின் கம்பியோடு சேர்க்காமல் பற்றரி வைத்துத் தனியாக ஓட்டுவது என்று முடிவு செய்தோம். சபையின் கரண்ட் ஆபத்துக்கு மட்டும். பற்றரியும் இன்வேர்டரும் மாட்டுவதற்கு ஹோலில் மனைவியின் கண்ணாடி அலுமாரி நின்ற சுவர்தான் தோதாக இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளோடு அந்த அலுமாரி அறைக்குள் போனது. அதற்கு அவள் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் பகலில் ஊர் முழுக்கக் கரண்ட் போய் எங்கள் வீட்டில் மட்டும் காற்றாடி சுழன்றபோது, காற்றாடிக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மே மாதம் முழுக்க நான் போனும் கையுமாகத்தான் இருந்தேன். பெனல் ஒவ்வொரு நாளும் எத்தனை யூனிட் தருகிறது என்று போனிலேயே பார்க்கலாம். வெயில் ஏற ஏறக் கோடும் ஏறும். மேகம் மறைத்தால் கோடு விழும். பதினெட்டு யூனிட்டுக்குக் குறையாது. "புதுப் பொண்டாட்டி வந்த மாதிரி எந்த நேரமும் அதுட மொகத்தையே பார்த்துக்கிட்டு" என்று மனைவி பகிடி பண்ணினாள். அவளைக் கட்டியபோது அப்படிப் பார்க்கவில்லையே என்ற மனக்குறையும் அதற்குள் இருந்திருக்கலாம்.

தூசி படிந்தால் கழுவிவிடுங்கள் என்று பாஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எப்போது, எப்படி என்று அவரும் விவரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் நூறு பேரை வேலை வாங்கியவனுக்கு எட்டுக் கண்ணாடியைக் கழுவத் தெரியாதா? லுஹர் தொழுதுவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால், ஏணியைச் சாத்தி ஏறுவேன். உச்சி வெயிலில்தான் தூசி நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். கிணற்று மோட்டரைப் போட்டுக் குழாயால் தண்ணீர் அடித்து, துணி சுற்றிய நீளத் தடியால் தேய்ப்பேன். கண்ணாடியில் பட்ட தண்ணீர் சுள்ளென்று காய்ந்துவிடும். அது காய்கிற வேகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வாரம் ஒரு தடவை என்று தொடங்கியது, தினமும் ஒரு தடவை என்று ஆனது.

எங்கள் கிணறு சவர். நான் வீடு கட்டிய காலத்தில் அப்படி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. குடிக்கவும் தேத்தண்ணிக்கும் கடையில் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் வாங்குகிறோம். மற்றது எல்லாம், குளிப்பது, துவைப்பது, வுளு செய்வது, கோப்பை கழுவுவது, எல்லாம் கிணற்றில்தான். இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான். குடிக்கத்தான் ஆகாது, கழுவ என்ன என்பது எங்கள் பக்கத்துக் கொள்கை.

இனி அடுத்த வளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தென்மேற்கே, கிடுகு வேலிக்கு அப்பால் ஒரு பெண் இருந்தாள். வயது நாற்பத்தைந்து. கணவர் வபாத்தாகி ஆறு வருடம். அவள் வளவின் மூலையில் ஒரு சுண்ணாம்புச் சூளை. களப்பிலிருந்து மட்டியும் சிப்பியும் மூடை மூடையாக வரும். சிரட்டையும் தேங்காய் மட்டையும் போட்டு எரித்து, நீற்றி, சலித்துப் பையில் கட்டுவாள். இறால் பண்ணைக்காரர் ஒருவர் குளத்துக்குப் போட லொறியோடு வந்து ஏற்றிப் போவார். அந்த ஒரு ஆளை நம்பித்தான் சூளை ஓடியது. சூளையை நம்பி அவளுடைய மகளின் வீடு எழும்பியது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தது. வீடு ஜன்னல் மட்டத்துக்கு மேலே வந்து, கூரை இல்லாமல் நின்றது. அவள் என்னை அண்ணன் முறையில் நானா என்றும் என் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவாள். மனைவிக்கும் அவளுக்கும் நடுவில் வேலியில் ஒரு பொட்டு, சின்னத் திறப்பு, இருந்தது. கறி அந்தப் பக்கம் போகும், கதை இந்தப் பக்கம் வரும்.

ஜூன் கடைசியில் பதினெட்டு யூனிட் பதினைந்தானது. ஜூலை நடுவில் பன்னிரண்டு. வெயிலில் ஒரு குறையும் இல்லை. ஏறிப் பார்த்தால் பெனல்களில் வெள்ளையாகப் பொடி. தேய்த்துக் கழுவினால் போகிறது, மறுநாள் வந்துவிடுகிறது. அது சோளகக் காற்றுக் காலம். காற்று தென்மேற்கிலிருந்து நேராகச் சூளையைக் கடந்து எங்கள் கூரைக்கு வந்தது. வெள்ளைப் பொடி, சுண்ணாம்புச் சூளை, சோளகம். மூன்றையும் கூட்டிப் பார்க்க ஒரு மேற்பார்வையாளனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. நான் முறையாகத்தான் செய்தேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு, இடப்பக்கம் அன்றைய யூனிட், வலப்பக்கம் சூளை எரிந்ததா இல்லையா என்று எழுதினேன். சூளை எரிந்த நாளுக்கு அடுத்த நாள் யூனிட் குறைந்தது. ஒரு முறை அல்ல, எல்லா முறையும். சூளை எரிகிற நாளில் நான் ஒரு தடவைக்கு மூன்று தடவை ஏறிக் கழுவினேன் என்பதை மட்டும் கொப்பியில் எழுதவில்லை. அதற்குக் கொப்பியில் கோடு போட்டிருக்கவில்லை.

முதலில் வேலிப் பொட்டுக்குப் போய் அவளிடமே சொன்னேன். அவள் பதறிப்போனாள்.

"அல்லாஹ்வே! எனக்குத் தெரியாதே நானா. இவ்வளவு செலவழிச்சுப் போட்ட சாமான். நான் ஏதும் செஞ்சு பார்க்கிறேன்."

செய்தாள். வேலிப் பக்கம் உயரமாகக் கிடுகு கட்டி மறைத்தாள். சலிக்கும்போது ஈரச் சாக்கைச் சுற்றிலும் தொங்கவிட்டாள். காற்று எழும்ப முந்திச் சலித்து முடிக்கக் காலையிலேயே தொடங்கினாள். என் கொப்பியில் பதினொன்று என்று விழுந்தது.

"அவள் செய்யக்கூடியதெல்லாம் செஞ்சிட்டாள்" என்றாள் மனைவி. "இனி விடுங்க. அந்தச் சூளை எரிஞ்சாத்தான் அவள்ட அடுப்பு எரியும்."

"என்ட பெனல் எரியுதே, அதுக்கு என்ன?"

"கரண்ட் வராட்டி நாம செத்தா போயிருவோம்? சபைட கரண்ட் இருக்குத்தானே."

நியாயம் என் பக்கம் இருக்கும்போது வேறு யாருடைய அடுப்பையும் பற்றி நினைக்கத் தேவையில்லை என்று நம்பினேன். உப்பளத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: ஆள் கள்ளன் இல்லை, ஆனால் ஈரமும் இல்லை. அதைப் பாராட்டாகத்தான் நான் இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் அண்டை அயல் பிரச்சினைக்குப் பொலிசுக்குப் போக மாட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் சொல்லுவார்கள். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின்னால் பள்ளிக் காரியாலயத்தில் உட்கார்ந்தோம். நாலு பிளாஸ்டிக் கதிரை, பிளேன்டீ, தலைவர், செயலாளர், நான். அவள் வரவில்லை. பெண்கள் அங்கே வந்து கதைப்பது வழக்கம் இல்லை. அவளுக்காக அவளுடைய மூத்த நானா வந்தார். கருவாடு வியாபாரம் செய்கிறவர், அவசரத்தில் இருந்தார். நான் கொப்பியைத் திறந்து வாசித்தேன். திகதி, யூனிட், எரிந்தது, எரியவில்லை. வாசித்து முடித்ததும் கொப்பியைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தேன். இப்படிக் கணக்காக ஒரு முறைப்பாடு அங்கே அதுவரை வந்திருக்காது.

"சரிதானே, எழுத்திலேயே இருக்கு" என்றார் தலைவர். "தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ற, ஹாஜியார்? சொன்னா நிப்பாட்டச் சொல்றேன்" என்றார் அவளுடைய நானா.

கிடுகு கட்டியதையோ ஈரச் சாக்கையோ அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. சோளகம் முடியும் வரை மூன்று மாதம் சூளை எரிக்க வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எல்லாருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன். மனைவி சோற்றை வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த கிழமை எங்கள் மகளின் பிரசவத்துக்காகக் குருநாகலுக்குப் போய்விட்டாள். நாற்பது நாள் முடித்துத்தான் வருவேன் என்றாள். போகும்போது வேலிப் பொட்டில் நின்று நெடுநேரம் கதைத்துவிட்டுப் போனாள்.

சூளை அணைந்தது. இறால் பண்ணைக்காரர் இரண்டு தடவை லொறியோடு வந்து, வெறும் லொறியோடு திரும்பினார். மூன்றாம் தடவை வரவில்லை. குளத்துக்கு மூன்று மாதம் காத்திருக்க முடியாது, வேறு இடம் பார்த்துக்கொண்டார். மகளுக்குக் கட்டிய வீட்டுக்கு மேசன்மார் வருவதும் நின்றது.

ஆனால் என் யூனிட் ஏறவில்லை. பத்து. ஒன்பதரை. காற்றில் மிதந்த பழைய சுண்ணாம்பு இன்னும் இறங்குகிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, இன்னும் கவனமாகக் கழுவினேன். எட்டரை ஆனதும் பாஸுக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் கழித்து வந்தார். நானும் அவரோடு கூரைக்கு ஏறினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். சூளையைக் கையால் காட்டினேன்.

அவர் சூளைப் பக்கம் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து, பெனலின் கீழ் விளிம்பை விரலால் தடவினார். அங்கே அலுமினியச் சட்டத்தை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக, கட்டியாக, பளபளவென்று நின்றது. நகத்தால் ஒரு துண்டைக் கிளப்பினார். நாக்கில் வைத்தார். பிறகு இன்னொரு துண்டைக் கிளப்பி என்னிடம் நீட்டினார்.

வாங்கி நாக்கில் வைத்தேன்.

உப்பு. முப்பத்தொரு வருடம் காலையும் மாலையும் நாக்கில் வைத்துப் பார்த்த அதே சாமான். சுண்ணாம்பாக இருந்தால் நாக்கு வெந்திருக்கும்.

"எந்தத் தண்ணியில கழுவுறீங்க?" என்று கேட்டார்.

"கிணத்துத் தண்ணியில."

"எத்தினை மணிக்கு?"

"லுஹருக்குப் பிறகு."

"நல்ல வெயிலுக்கையா?" தலையை ஆட்டினார். "கொதிக்கிற கண்ணாடியில சவர்த் தண்ணிய ஊத்தினா அது காயும், உப்பு நிக்கும். மிச்சத் தண்ணி வடிஞ்சு கீழ் விளிம்பில தேங்கும், அங்க கட்டியாப் பிடிக்கும். கீழ் வரிசையை மறைச்சாப் போதும், முழுப் பெனலும் படுத்திரும். குழாயை ஒரு இடத்தில நெரிச்சா முழுக்க நிக்கிற மாதிரி." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "ஐயா முந்தி எங்க வேலை?"

சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக் களப்பைப் பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பாத்தியில் உப்பு முதலில் விளிம்பில்தான் பூக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுத்தவன். தண்ணீர் மெல்லிதாக, தரை சூடாக, காற்று நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னவன். என் கூரையில் எட்டுப் பாத்தி கட்டி, தினமும் தண்ணீர் விட்டு, நானே உப்பு விளைத்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது முதுகு இல்லை, தலைக்கு மேலே இருந்தது. சூளையிலிருந்து வந்த தூசி கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று பாஸிடம் சொல்லிப் பார்த்தேன். "இருக்கலாம். அது ஊதினாப் போயிரும்" என்றார்.

குடிக்கிற தண்ணீரில் வினாகிரி கலந்து, துணியை நனைத்து, கட்டியை ஊற வைத்துத் துடைக்கச் சொன்னார். கழுவுவது இனி விடியற்காலையில், அதுவும் குடிக்கிற தண்ணீரில் மட்டும். அப்படியே செய்தேன். ஒரு கிழமையில் பதினேழு யூனிட் ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அன்று அடக்கத்துக்கு ஒரு ஜனாஸா வந்தது, சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இரண்டாம் வெள்ளி, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது தலைவர் பத்துப் பேருக்கு நடுவில் என் தோளில் கை போட்டு, "எப்படி, இப்ப கரண்ட் சரியா?" என்றார். சரி என்றேன். "பார்த்தீங்களா, சூளை நிண்டதும் சரியாப் போச்சு. ஆள் சும்மா சொல்ல மாட்டார், எல்லாம் கணக்கு" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்து, இல்லை, அது உப்பு, என் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்ல வேண்டியிருந்தது. பத்துச் சொல்கூட ஆகாது, அதையும் சொல்லவில்லை. மூன்றாம் வெள்ளிக்கு என்னிடம் காரணமே இல்லை. மனைவி ஒவ்வொரு நாளும் மாலையில் போன் எடுப்பாள். "இப்ப நல்லா வருதா?" என்பாள். "ஓம்" என்பேன். அது பொய் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற பழமொழியை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நாட்களில் அது நினைவுக்கே வரவில்லை.

ஒரு காலை, விடிந்து கொஞ்ச நேரம். நான் ஏணியில் நின்று கீழ் வரிசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேற் பக்கம் ஸலாம் கேட்டது. அடுத்த வளவுக்காரி, புது அபாயா உடுத்து, மகளோடு நின்றாள். என் மனைவி வீட்டில் இல்லாததால் உள்ளே வராமல் கேற்றடியிலேயே நின்றாள்.

"நானா, பயணம் சொல்ல வந்தேன். இன்டைக்குப் பின்னேரம் குவைத்துக்குப் போறேன். வீட்டு வேலைதான். ரெண்டு வருசம்."

நான் ஏணியிலேயே நின்றேன்.

"மகள்ட வீட்டுக் கூரையைப் போட்டு முடிச்சிரணும். மாப்பிள்ளை வீட்டாரும் எவ்வளவு நாளைக்குப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க? மதினிக்குப் போன்ல சொல்லிட்டேன். ஒங்களுக்கு நேர்ல சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போனாலும் வெளிநாட்டுக்குப் போனாலும், பயணம் சொல்லும்போது மாப்புக் கேட்டுத்தான் போவார்கள். திரும்பி வருவது நம் கையில் இல்லை, ஒருவருக்கொருவர் செய்த பிழையை இங்கேயே தீர்த்துவிட்டுப் போவோம் என்பது எண்ணம். கேட்கப்பட்டவர் மாப்புச் செய்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது.

அவள் என் கையில் இருந்த ஈரத் துணியையும் வாளியையும் பார்த்தாள்.

"இன்னும் கிடக்கா நானா அந்தத் தூசி? பழசாக்கும். என்னால ஒங்களுக்கு நல்லாக் கரைச்சல். வயசான காலத்துல ஏறி ஏறித் துடைக்கிறீங்க. மனசுல ஒன்டும் வைச்சுக்காதீங்க. எனக்கு மாப்புச் செஞ்சிருங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். உண்மையாகவே தன் சூளைதான் என் பெனலைக் கெடுத்தது என்று நம்பி, அந்தப் பாரத்தோடு விமானம் ஏறக் கூடாது என்று வந்திருந்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். அன்று பின்னேரம்தான் பயணம். பள்ளித் தலைவரின் வீடு ஐந்து நிமிட நடை. அவள் போவதை நிறுத்தியிருப்பாளோ இல்லையோ, அதைத் தீர்மானிக்க அவளுக்கு ஒரு பகல் முழுக்க இருந்தது. மகள் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் என் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான், அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

"மாப்புச் செஞ்சேன்" என்றேன். "அல்லாஹ் லேசாக்கித் தரட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். முகம் தெளிந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பயணம் சொல்லப் போனாள். நான் மிச்ச இரண்டு பெனலையும் துடைத்து முடித்துவிட்டு இறங்கினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து மனைவி வந்தாள். குசினியில் காலியான வினாகிரிப் போத்தல்களைக் கண்டாள். குடிதண்ணீர்க் கேன் வழமையைவிட இரண்டு மடங்கு வாங்கியிருப்பதைக் கண்டாள். கேட்டாள். சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கதிரையில் உட்கார்ந்து, "அவள் போகேக்க ஒங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். எழுந்து போய் வேலிப் பொட்டைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கத்து மகளின் முகத்தில் விழிக்க முடியாது என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் சொன்னேன். எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர், "சரி, பிழைதானே, மனிசன்தானே. இனி அவங்க சூளை எரிக்கலாம் என்டு எழுதிவைப்போம்" என்றார். எரிக்க அங்கே யாரும் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா நான் இத்தனை வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்க என் மீதே அருவருப்பு வந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடம் என்பதால் இடையில் அவள் திரும்ப வழியில்லை என்று அவளை அனுப்பிய ஏஜென்டிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மனைவி விடவில்லை. "பள்ளிக்குச் சொன்னது போதாது. அவளுக்குச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் எதுவென்று அவளுடைய மகளிடம் போனில் கேட்டு, மனைவியே இலக்கத்தை அழுத்தி என் கையில் தந்தாள். அவள் எடுத்தபோது பின்னால் தட்டுமுட்டுச் சத்தம், ஒரு குழந்தை அழும் சத்தம். சுகம் விசாரித்தாள். மதினியின் பேரப்பிள்ளையை விசாரித்தாள். நான் இடையில் வெட்டிச் சொன்னேன். உப்பு, கிணற்றுத் தண்ணீர், உச்சி வெயில், பாஸ், எல்லாம். சூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன்.

அவள் குழந்தையைத் தட்டி அமர்த்துவது கேட்டது. பிறகு கேட்டாள்:

"எப்பத் தெரிஞ்சது, நானா?"

பொய் சொல்ல அது நல்ல இடம். பன்னிரண்டு நாள் முன்னே பின்னே தள்ளினால் யாருக்கும் தெரியாது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க பயணம் சொல்ல வரேக்க எனக்குத் தெரியும், தங்கச்சி."

அந்தப் பக்கம் யாரோ அவளை அரபியில் கூப்பிட்டார்கள். அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். பிறகு போனுக்குத் திரும்பி, கோபம் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்:

"அப்ப எனக்கு எதை மாப்புச் செஞ்சீங்க, நானா?"